நயீமாவின் பஸ்கா அரிசி

புருஷன் ஸெலிக் இறந்த பிறகு வந்த முதல் பஸ்கா பண்டிகைக்கு முன்னால், நயீமாவின் அக்கா கூர்ஜியா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"இந்த வருஷமாவது சோறு தின்பியாடி?"

கேட்ட விதத்தைப் பார்த்தால் நயீமா கல்யாணமான நாளிலிருந்து பட்டினி கிடந்தவள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவள் பட்டினி ஒன்றும் கிடக்கவில்லை. வருஷம் முழுக்க அவள் வீட்டில் சோறுதான். பஸ்காவின் ஏழு நாள் மட்டும் கிடையாது. பாக்தாதிலிருந்து வந்த யூதர்களான எங்களுக்குப் பஸ்காவில் புளித்த மாவுதான் ஆகாது, அரிசி தாராளமாக ஆகும். ருமேனியா, போலந்துப் பக்கத்து யூதர்களுக்கு அரிசியும் ஆகாது, பயறும் ஆகாது, மொச்சையும் ஆகாது. ஒரே தோரா வேதம், ஒரே பண்டிகை, ஆனால் ஒருவர் தட்டில் இருப்பது அடுத்தவருக்குப் பாவம். கட்டிக்கொண்டு போகிறவள் புருஷன் வீட்டு வழக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். நயீமாவும் எடுத்துக்கொண்டாள்.

இஸ்ரேலில், ராமத் கானில் எங்கள் தெருவில் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசாத வாயில்லை. அப்போதெல்லாம் அவர்கள் எங்களைப் "பைஜாமா" என்பார்கள். எங்கள் ஆண்கள் சாயங்காலமானால் கோடு போட்ட பைஜாமாவோடு மாடியில் உட்கார்ந்து பகடை உருட்டுகிறவர்கள் என்று கிண்டல். நாங்கள் அவர்களை "வூஸ்வூஸ்" என்போம். அவர்கள் பாஷையில் எதற்கெடுத்தாலும் "வூஸ், வூஸ்" என்று கேட்பார்கள், என்ன, என்ன என்று அர்த்தம். அப்படி ஒரு வூஸ்வூஸ், அதுவும் சொந்தபந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஈ காக்கை இல்லாதவர், படிக்கட்டுக்கு அடியில் பெட்டிக்கடை மாதிரி ஒரு கடிகாரக் கடை வைத்திருப்பவர், காத்தூன் வீட்டுப் பெண்ணைக் கேட்டு வந்தால் தெரு சும்மா இருக்குமா? நயீமாவின் அம்மா காத்தூன் மட்டும் மாப்பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னாள். நகத்தில் அழுக்கில்லாத கை என்பதுதான் அவள் சொன்ன ஒரே காரணம்.

ஸெலிக் பிறந்த ஊர் ருமேனியாவின் வடக்கு மூலையில் இருந்தது. போர்க்காலத்தில் அந்த ஊர் யூதர்களை மொத்தமாக ஆற்றுக்கு அப்பால் ஓட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவருக்குப் பத்து வயது, கூட அப்பா, அம்மா, இரண்டு தங்கைகள். திரும்பி வந்தது அவர் மட்டும். அதைப் பற்றி அவர் பேசமாட்டார். நயீமாவும் தோண்டிக் கேட்டதில்லை.

கடவுள் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. ஜெபக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். நெருப்பு மூட்டவே கூடாத ஓய்வுநாளில் சிகரெட் பற்ற வைப்பார், அதுவும் மாடியில் நின்று, தெருவே பார்க்கும்படி. அப்படிப்பட்ட மனுஷன் பஸ்கா வந்தால் அரிசியைத் தொடமாட்டேன் என்றபோது புதுப்பெண் நயீமாவுக்குச் சிரிப்பு வந்தது.

"கடவுளையே நம்பாதவருக்கு அரிசி மேல என்ன கோபம்?" என்று கேட்டாள்.

ஸெலிக், "எங்கப்பா எப்படி ஜெபம் பண்ணுவார்னு எனக்கு ஞாபகம் இல்ல. அவர் முகமே பாதிதான் ஞாபகம் இருக்கு. எதைச் சாப்பிடமாட்டார்ங்கிறது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. அந்த வருஷமே அரிசியை விட்டாள். அது போதாதென்று, சோற்றுக்குப் பதிலாக அவர் அம்மா என்ன சமைப்பார் என்று கேட்டாள். உருளைக்கிழங்கைத் துருவி, முட்டையும் வெங்காயமும் வாத்துக் கொழுப்பும் சேர்த்து, தட்டில் ஊற்றி அடுப்பில் வேகவைப்பது. பெயர் குகல். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. பத்து வயதுப் பையன் அடுப்பங்கரையில் எதைக் கவனித்திருப்பான்?

நயீமா செய்தாள். ஸெலிக் ஒரு கவளம் எடுத்து, கடிகாரம் பார்க்கும்போது லென்ஸ் செருகுகிற பழக்கத்தில் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, மெதுவாக மென்றார்.

"கிட்டத்தட்ட" என்றார்.

அடுத்த வருஷம் வெங்காயத்தைக் கூட்டினாள். கிட்டத்தட்ட. அதற்கடுத்த வருஷம் மிளகு. கிட்டத்தட்ட. ஒரு வருஷம் யாரோ சொன்னார்கள் என்று சர்க்கரை போட்டாள். ஸெலிக் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இது போலந்துக்காரன் தின்கிறது" என்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தட்டை மாற்றிப் பார்த்தாள், கிழங்கை மாற்றிப் பார்த்தாள், ஓரம் கருக விட்டாள், கருகாமல் எடுத்தாள். நாற்பது பஸ்காவிலும் அந்த ஒரு கண் இடுங்கியது, அந்த ஒரு வார்த்தை வந்தது. அவருக்கு அது குறையல்ல. ஆனால் நயீமாவுக்கு ஒவ்வொரு வருஷமும் உள்ளுக்குள் சுருக்கென்று குத்தும். இந்த வருஷம் சொல்லிவிடுவார், இதுதான் என்று சொல்லிவிடுவார் என்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

இனி அரிசிக் கதைக்கு வருவோம். எங்கள் வீடுகளில் பஸ்கா அரிசியைச் சும்மா உலையில் போட்டுவிட முடியாது. கோதுமையும் அரிசியும் ஒரே மண்டியில், ஒரே சாக்கில் புரளுகிறவை. ஒரு கோதுமை மணி உலையில் விழுந்து ஊறினால் பானையே பாழ். அதனால் வெள்ளைப் படுக்கை விரிப்பை மேஜை மேல் விரித்து, ஒவ்வொரு மணியாக நகர்த்தி மூன்று முறை பொறுக்க வேண்டும். மூன்றாவது முறையில் கோதுமை கிடைத்தால் மறுபடி முதலிலிருந்து. அது காத்தூன் வீட்டுச் சட்டம். அரிசி பொறுக்கும் நாளில் அந்த வீட்டில் பெண்கள் பேசாத பேச்சில்லை. எல்லாம் பாக்தாத் அரபியில், தேநீரும் பூசணி விதையுமாக, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு.

நயீமாவும் போவாள். தின்னப் போவதில்லை என்றாலும் பொறுக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. முதல் வருஷம் ஸெலிக்கும் கூடவே வந்தார். கண்ணில் லென்ஸ், கையில் சாமணம். பெண்கள் அவரைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

"மாப்பிள்ளை அரிசிக்கு ரிப்பேர் பார்க்க வந்திருக்கார்" என்றாள் கூர்ஜியா.

ஸெலிக்குக் கிண்டல் புரியவில்லை. பேச்சும் புரியவில்லை. மேஜையின் மூலையில் உட்கார்ந்து, தான் சாகும்வரை பஸ்காவில் வாயில் வைக்கப்போகாத அரிசியை மணி மணியாகப் பார்த்தார். மூன்றாவது முறை முடியப்போகிற நேரத்தில் சாமணத்தைத் தூக்கிக் காட்டினார். நுனியில் ஒரு கோதுமை மணி. எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். மத்தியானம் முடிய வேண்டிய வேலை, விளக்கேற்றும் நேரம் வரை இழுத்தது. இது ஒரு வருஷம் நடந்தால் தற்செயல். அநேகமாக எல்லா வருஷமும் நடந்தது.

காத்தூன் போன பிறகு பொறுக்கும் மேஜை கூர்ஜியாவின் வீட்டுக்கு மாறியது. மேஜைதான் மாறியதே தவிர காத்தூனின் கைப்பக்குவம் கூர்ஜியாவுக்கு வரவில்லை. அது நயீமாவுக்குத்தான் வந்திருந்தது. அதிலும் தபீத். கோழியின் வயிற்றில் அரிசியைத் திணித்து, சுற்றிலும் அரிசியைக் கொட்டி, தக்காளியும் ஏலக்காயும் லவங்கப்பட்டையும் போட்டு, மூடி மேல் முட்டைகளை அடுக்கி, வெள்ளி சாயங்காலம் சிறுதீயில் ஏற்றி, மறுநாள் மத்தியானம் இறக்குவது. கூர்ஜியா செய்தால் அது கஞ்சியாகும். அதனால் பஸ்கா வாரத்து ஓய்வுநாளுக்கு அக்கா வீட்டில் தபீத் செய்வது எப்போதும் நயீமாதான். உப்புக்கூடப் பார்க்காமல் செய்வாள். மறுநாள் மேஜையில் அக்கா குடும்பம் தபீத் சாப்பிடும். மேஜைக் கோடியில் நயீமாவும் ஸெலிக்கும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த குகலைச் சாப்பிடுவார்கள். பானை அடியில் பொன்னிறமாகப் பிடித்த சோற்றுக் காந்தலைச் சுரண்டும் சத்தம் கேட்கும்போது மட்டும் நயீமா தட்டை விட்டுத் தலை நிமிரமாட்டாள். சின்ன வயதில் அந்தக் காந்தல் அவள் பங்கு. அவளுக்கு அது வேண்டும். அவ்வளவு வேண்டும்.

ஆகவே கூர்ஜியா கேட்டதில் தப்பில்லை. நயீமாவும் உடனே இல்லை என்று சொல்லவில்லை. மதகுருவான ரபியிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றாள்.

ரபி எங்கள் தெருக்காரர், நயீமாவின் மனது தெரிந்தவர். தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பிள்ளை இல்லாத விதவைன்னா பேசாம அப்பா வீட்டு வழக்கத்துக்குத் திரும்பிடலாம். உனக்கு ஒரு மக இருக்கா. அதனால புருஷன் வழக்கம் நிக்கும். ஆனா வழியில்லாம இல்ல. இதையும் நேர்ச்சை மாதிரிதான் எடுத்துக்கணும். மூணு பேர் முன்னால உக்காந்தா அவிழ்த்துடலாம்."

அந்த ஒரே மகள் ஷூலாவை மொராக்கோவின் ஃபேஸ் நகரத்துக் குடும்பத்தில் கொடுத்திருந்தது. அவள் இப்போது அந்த வீட்டு வழக்கத்துக்காரி. பஸ்கா முடிகிற இரவில் கதவைத் திறந்துவைத்து ஊருக்கே வெண்ணெய் அடை சுட்டுப் போடுகிறாள். அம்மாவிடம் ஃபோனில், "நீ சோறு சாப்பிடுமா, அப்பா ஒண்ணும் நினைக்கமாட்டார்" என்றாள்.

அரிசி பொறுக்கும் நாளில் நயீமா ஸெலிக்கின் லென்ஸை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. ஒரு கோதுமை கூடக் கிடைக்கவில்லை. மத்தியானத்துக்கு முன்பே விரிப்பு காலியாகிவிட்டது.

கூர்ஜியா அரிசியைப் பையில் அள்ளிக்கொண்டே பேசினாள். "பாத்தியா. அந்த மனுஷன் இல்ல, கோதுமையும் இல்ல."

"என்ன சொல்றேக்கா?"

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். கோதுமை சாக்குல இருந்து வரல. உன் புருஷன் கால்சட்டைப் பையில இருந்து வந்துச்சு. முதல் வருஷமே அம்மா பாத்துட்டாங்க. அவரே போட்டு அவரே எடுத்திருக்கார். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

நயீமா விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப் போட்டார்னு நினைக்கிறே? உங்க அரிசி சுத்தமில்ல, உங்க சாப்பாடு சுத்தமில்லன்னு நமக்குக் காட்டத்தான். இவ்வளவு வருஷம் நம்ம மேஜையில உக்காந்துகிட்டே நம்மளை மட்டம் தட்டியிருக்கார். அந்த ஆளுக்காக நீ நாக்கைக் கட்டிப் போட்டே."

நயீமா விரிப்பை அலமாரியில் வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். கூர்ஜியா அதை வழக்கத்தை அவிழ்க்கச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ரபியிடம் சொல்லிவிட்டாள்.

பஸ்கா வாரத்து வெள்ளிக்கிழமை காலையில் கூர்ஜியாவின் கூடத்தில் மூன்று நாற்காலி போட்டிருந்தது. நடுவில் ரபி. ஒரு பக்கம் எதிர்வீட்டுப் பேராசிரியர் ஷம்மாஷ், மறுபக்கம் கூர்ஜியாவின் புருஷன் ஹெஸ்கேல். ஹெஸ்கேல் பைஜாமாவை மாற்றிக் கோட்டுப் போட்டிருந்தார். அவர் கோட்டுப் போட்டுப் பார்ப்பது கல்யாணத்திலும் சாவிலும்தான். அடுக்களையில் கோழி வயிற்றில் நயீமா அதிகாலையிலேயே அரிசியைத் திணித்து, ஊசிநூலால் தைத்து வைத்திருந்தாள். வழக்கம்போல உப்பு மட்டும் பார்க்கவில்லை. இந்த முறை, அவிழ்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

ரபி புத்தகத்தைத் திறந்தார். "ரொம்பச் சின்ன விஷயம். நாங்க மூணு பேரும் மூணு தரம் 'உனக்கு அவிழ்ந்தது'ன்னு சொல்லுவோம். அதுக்கு முன்னால நீ ஒண்ணு சொல்லணும். இந்த வழக்கத்தை அன்னிக்கு ஏத்துக்கிட்டதுக்கு இன்னிக்கு வருத்தப்படறேன்னு. வருத்தம் இருந்தாத்தான் முடிச்சு அவிழும். சொல்லும்மா."

நயீமா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அடுக்களையிலிருந்து லவங்கப்பட்டை வாசனை வந்துகொண்டிருந்தது.

"வெறும் வாய் வார்த்தைதானே, நயீமா" என்றார் ஹெஸ்கேல், கோட்டுக்குள் வியர்த்தபடி.

"வாய் வார்த்தைதான் அத்தான். அதுதான் வரமாட்டேங்குது."

கூர்ஜியா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். "ஏன் வராது? அவர் பண்ணினதுக்கு இன்னும் மரியாதை வேற பாக்கறியா?"

நயீமா அக்காவின் பக்கம் திரும்பவில்லை. ரபியைப் பார்த்தே சொன்னாள். "பையில கோதுமை இருந்தது எனக்கு முதல் வருஷமே தெரியும். துவைக்கிறப்போ பாத்தேன். ஏன் இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன். அவர் சொன்னார், 'வேலை மத்தியானத்துக்குள்ள முடிஞ்சா நீ கையைக் கழுவிட்டு என்கூட வந்துடுவே. ஒரு கோதுமை கிடைச்சா சாயங்காலம் வரைக்கும் உங்கம்மா பக்கத்துல இருப்பே. அங்க நீ வேற குரல்ல சிரிக்கிறே. உன்னைக் கூட்டிட்டுப் போக எனக்கு ஒரு அம்மா வீடு கிடையாது. இருக்கிற ஒண்ணையும் எதுக்கு சீக்கிரம் முடிக்கணும்'னு."

பேராசிரியர் ஷம்மாஷ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"எனக்குச் சோறு வேணும் ரபி. பொய் சொல்லமாட்டேன், ரொம்ப ஆசையாத்தான் இருக்கு. அந்தக் காந்தலை நினைச்சா இப்பவும் வாய் ஊறுது. ஆனா அன்னிக்கு ஏத்துக்கிட்டதுக்கு வருத்தமான்னு கேட்டா, இல்ல. அவங்கப்பா சாப்பிடாததைச் சாப்பிடாம இருக்க அந்தக் குடும்பத்துல யாரும் மிச்சமில்ல. ஷூலாவும் வேற வீட்டுக்குப் போயாச்சு. பாக்தாத்துக்காரி நான் ஒருத்திதான் இருக்கேன்."

ரபி புத்தகத்தை மூடினார். "வருத்தம் இல்லாத இடத்துல எங்களுக்கு வேலையில்ல" என்று எழுந்துகொண்டார். வாசல்வரை போய், திரும்பி, நல்ல பண்டிகை என்று வாழ்த்திவிட்டுப் போனார். ஹெஸ்கேல் உள்ளே போய்ப் பைஜாமாவுக்கு மாறினார்.

கூர்ஜியா அடுக்களைக்குள் போனாள். கொஞ்ச நேரம் பாத்திரங்கள் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. நயீமா உள்ளே போய்ப் பானையை எடுத்து, கோழியை வைத்து, அரிசியைச் சுற்றிலும் கொட்டினாள்.

"அம்மாவுக்கு அது தெரியுமா?" என்று கேட்டாள் கூர்ஜியா, முதுகைக் காட்டிக்கொண்டே. "அவர் ஏன் போட்டார்ங்கிறது?"

"தெரியாமலா உன்கிட்ட சத்தியம் வாங்கினாங்க?"

கூர்ஜியா பானையில் ஊற்றக் கலக்கி வைத்திருந்த தக்காளிச் சாற்றை ஒரு கரண்டியில் எடுத்து வாயில் விட்டுக்கொண்டாள். "உப்பு சரியா இருக்கு" என்றாள். நாற்பது வருஷத்தில் தங்கைக்காக அவள் உப்புப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மத்தியானம் பானையைத் திறந்தார்கள். கூடம் முழுக்க ஆவி. எல்லோரும் சாப்பிட்டார்கள். நயீமா மேஜைக் கோடியில் துண்டைப் பிரித்துக் குகலை எடுத்து ஒரு வாய் வைத்தாள். பக்கத்து நாற்காலி காலி. மென்று முடித்து, பழக்க தோஷத்தில், அந்த வார்த்தைக்காகக் காத்தாள். வார்த்தை வரவில்லை. நாற்பது வருஷமாய்ச் சுருக்கென்று குத்திய வார்த்தை இனி வரவே வராது என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. இந்தக் குகல் சரியாகவே வந்திருந்தாலும், சரி என்று சொல்லத் தெரிந்த நாக்கு உலகத்தில் எங்கும் இல்லை. அவள் எல்லோர் முன்னாலும் அழுதாள். யாரும் தடுக்கவில்லை. காந்தலைச் சுரண்ட எடுத்த கரண்டியை ஹெஸ்கேல் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

அடுத்த வருஷம் கூர்ஜியாவின் வீட்டில் மறுபடி விரிப்பை விரித்தார்கள். அக்காவும் தங்கையும் மட்டும்தான். கூர்ஜியா அவ்வளவாகப் பேசவில்லை. முதல் முறை ஒன்றுமில்லை. இரண்டாவது முறை ஒரு கல். மூன்றாவது முறை விரிப்பில் ஒரு கைப்பிடி அரிசிதான் மிச்சம். ஜன்னலில் இன்னும் காலை வெயில்தான்.

நயீமா லென்ஸைக் கழற்றிவிட்டுக் கைகழுவ எழுந்தாள்.

"எங்கடி போறே, உக்காரு" என்றாள் கூர்ஜியா. இரண்டு நகத்துக்கு நடுவில் எதையோ பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள். ஒரு கோதுமை மணி. "போச்சு. மறுபடி முதல்லேருந்துதான்."

நயீமா கோதுமையைப் பார்த்தாள். பிறகு அக்காவின் மேலங்கிப் பையைப் பார்த்தாள். கூர்ஜியா அவள் முகத்தைப் பார்க்காமல் அரிசியைத் திரும்ப விரிப்பில் கொட்டிக்கொண்டிருந்தாள். நயீமாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அடக்கமாட்டாமல் அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டு, மாடியில் பகடை உருட்டிக்கொண்டிருந்த ஹெஸ்கேல் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் கூர்ஜியா. "சாயங்காலம் வரைக்கும் வேலை இருக்கு. நீங்க தேநீருக்குத் தண்ணி வைங்க."